மோடல் திறக்கிறது, டூல்டிப் மட்டும் ஏன் வரவில்லை?

கேள்வி: எங்கள் பள்ளியின் இணையதளத்தை, பக்கங்களை வடிவமைக்க உதவும் ஆயத்தக் குறியீட்டுத் தொகுப்பான பூட்ஸ்டிராப்பின் 4-ஆம் பதிப்பிலிருந்து 5-க்கு மாற்றினேன். டேட்டா-டாகிள் என்று இருந்ததை எல்லாம் டேட்டா-பிஎஸ்-டாகிள் ஆக்கியதும் மோடல் (பக்கத்தின் மேல் திறக்கும் பெட்டி), டிராப்டவுன் (கீழே விரியும் பட்டியல்) எல்லாம் திறக்கின்றன. டூல்டிப் (மவுஸை வைத்தால் தோன்றும் சிறு குறிப்பு) மட்டும் வரவே இல்லை. பிரவுசரில் பிழைகளைக் காட்டும் கன்சோலிலும் எதுவும் இல்லை. என்ன செய்வது?

பதில்: பெயரைச் சரியாகத்தான் மாற்றியிருக்கிறீர்கள். ஆனால் டேட்டா ஆட்ரிபியூட் தானாக எதையும் இயக்காது. அது எச்டிஎம்எல்லில் எழுதி வைத்த ஒரு குறிப்பு. அதை எந்த ஸ்கிரிப்ட், எப்போது படிக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மோடல், டிராப்டவுன் போன்றவற்றுக்கு பூட்ஸ்டிராப்பே பக்கம் முழுவதற்குமாகக் கிளிக்கைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. யாராவது அழுத்தியதும், அந்த இடத்தில் டேட்டா-பிஎஸ்-டாகிள் இருக்கிறதா என்று பார்த்து, அப்போதுதான் அதற்குரிய பிளகினை (அந்த வேலையைச் செய்யும் நிரல் பகுதியை) உருவாக்குகிறது. அதனால்தான் பின்னால் ஏஜாக்ஸ் வழியாக, அதாவது பக்கத்தை மறுபடி ஏற்றாமல், வந்து சேரும் பட்டன்கூட வேலை செய்கிறது. டூல்டிப்பும், அழுத்தினால் தோன்றும் சற்றுப் பெரிய குறிப்புப் பெட்டியான பாப்ஓவரும் அப்படி இல்லை. பக்கத்தின் வேகம் கருதி, வேண்டுமென்பவர்களே இயக்கிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

சோதித்துப் பாருங்கள். டைட்டில் கொடுத்த பட்டன்மேல் மவுஸை வைத்துச் சற்றுப் பொறுத்தால் பிரவுசரின் சாதாரணக் குறிப்புப் பெட்டி வருகிறதா? வந்தால், பூட்ஸ்டிராப் அந்தப் பட்டனை இன்னும் தொடவே இல்லை.

தீர்வு சின்னதுதான். பூட்ஸ்டிராப் ஸ்கிரிப்டுக்குக் கீழே, டேட்டா-பிஎஸ்-டாகிள் மதிப்பு டூல்டிப் என்று இருக்கும் எல்லாவற்றையும் ஜாவாஸ்கிரிப்டின் குவெரிசெலக்டர்ஆல் என்ற தேடல் மூலம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நியூ பூட்ஸ்டிராப்.டூல்டிப் என்று உருவாக்குங்கள். ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் தேவையில்லை. டூல்டிப் எங்கே தோன்ற வேண்டும் என்று கணக்கிடும் பாப்பர் நூலகம் கட்டாயம் வேண்டும். பூட்ஸ்டிராப்பின் பண்டில் கோப்பைச் சேர்த்திருந்தால் பாப்பர் அதன் உள்ளேயே இருக்கிறது. அட்டவணை வரிசைகள் பிறகு வந்து சேரும் பக்கமாக இருந்தால், பாடிக்கு ஒரே ஒரு டூல்டிப் உருவாக்கி, செலக்டர் என்ற ஆப்ஷனில் அதே தேடலைக் கொடுங்கள். புதிதாக வருபவையும் அதில் அடங்கிவிடும்.

அப்புறம், மோடலைத் திறக்கும் அதே பட்டனுக்கு டூல்டிப்பும் வேண்டுமென்று பலர் முயல்வார்கள். ஒரு எலிமெண்டில் ஒரு பிளகினின் ஆட்ரிபியூட்களை மட்டுமே வையுங்கள். பட்டனைச் சுற்றி ஒரு ஸ்பேன் போட்டு, டூல்டிப்பை அதற்குக் கொடுத்துவிடலாம்.

2021 மேயில் பூட்ஸ்டிராப் 5 வந்தபோது, மற்ற ஸ்கிரிப்டுகளோடு குழம்பாமல் இருக்க இந்த பிஎஸ் முன்னொட்டை எல்லா ஆட்ரிபியூட்களிலும் சேர்த்தார்கள். நல்ல முடிவுதான், ஆனால் பழைய பெயர் மிச்சமிருந்தால் எந்த எச்சரிக்கையும் வராது. டேட்டா என்று தொடங்கும் எந்தப் பெயரையும் எச்டிஎம்எல் ஏற்றுக்கொள்ளும். எனவே டேட்டா-டார்கெட், டேட்டா-டிஸ்மிஸ், டேட்டா-பிளேஸ்மென்ட் என்ற பழைய பெயர்கள் மூன்றையும் கோப்புகள் முழுக்கத் தேடி மாற்றிவிடுங்கள். டிஸ்மிஸ் விட்டுப்போனால் மோடல் திறக்கும், அதன் மூடும் பட்டன் வேலை செய்யாது.