பால் பல் பிடுங்கிய இடத்தைச் சும்மா விடாதீர்கள்

களியக்காவிளை அம்மாவுக்கு: 7 வயது மகளுக்குச் சொத்தையான கீழ்க் கடைவாய்ப் பால் பல்லைப் பிடுங்கியாச்சு, 12 வயதில் கம்பி போட்டால் போதும் என்று மாமியார் சொல்வது சரியா என்று கேட்டிருந்தீர்கள். பாதி சரி. கம்பிக்கு அவசரமில்லை, ஆனால் அந்த இடைவெளி காத்திருக்காது. 6 வயதுவாக்கில் பின்னால் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல் மெல்ல முன்னால் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் 10, 12 வயதில் அடியிலிருந்து வரவேண்டிய பல் வழியில்லாமல் கோணலாக முளைக்கும், சிலருக்கு ஈறுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். என் மகனுக்கு இதேதான் நடந்தது; பல்லைப் பிடுங்கியவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இன்னும் கோபம் தீரவில்லை.

முதலில் எக்ஸ்ரே எடுத்து அடியில் பல் இருக்கிறதா, வர எவ்வளவு நாளாகும் என்று பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் பக்கத்துப் பல்லில் வளையம் மாட்டி, இடைவெளி மூடாமல் பிடித்து வைக்கும் ஸ்பேஸ் மெயின்டெய்னர் வைப்பார்கள், புதுப் பல் தலைகாட்டியதும் கழற்றிவிடலாம். அது இருக்கும்வரை பபிள்கம், ஒட்டுகிற மிட்டாய் கூடாது.

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்திலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்கு பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். குழந்தைகள் பல் பிரிவைக் கேளுங்கள். விரல் சூப்பும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.