மோட்டார் சுவிட்சுக்குப் பூட்டு
வாசகர் கேள்வி - வழக்கறிஞர் பதில்

கேள்வி: அக்கா, மதுரை அனுப்பானடியில் ஒரு மாடி வீட்டில் மூன்று வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். கணவர் திருப்பூரில் வேலை. நான், மாமியார், பிளஸ் டூ படிக்கும் மகள், மூன்று பேர்தான் இங்கே. வாடகை 6,500. அட்வான்ஸ் 50,000 ரொக்கமாகக் கொடுத்தோம், ரசீது இல்லை. அக்ரிமெண்டும் போடவில்லை. போன ஆடியில் வீட்டுக்காரர் திடீரென்று 9,000 வாடகை கேட்டார். முடியாது என்றதிலிருந்து மோட்டார் சுவிட்சைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். மொட்டை மாடியைப் பார்க்கணும் என்று ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டுகிறார். "பூட்டுப் போட்டுடுவேன், அப்புறம் பாத்திரம் பண்டமெல்லாம் தெருவுலதான்" என்கிறார். கரண்டுக்கு யூனிட் 12 ரூபாய் வாங்குகிறார். வாடகையை நிறுத்திவிட்டு அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா? போலீஸுக்குப் போகலாமா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் செல்லூரில் ஆறு குடித்தனம் இருந்த ஒரு வளவில் வளர்ந்தவள். அங்கே அடிபைப்பின் கைப்பிடியைக் கழற்றி வீட்டுக்கார அம்மா தன் சமையலறையில் வைத்துக்கொள்வார். காலை ஐந்தரைக்குக் கைப்பிடி வரும், ஆறேகாலுக்குத் திரும்பிப் போய்விடும். குடித்தனத்துக்கு எட்டுக் குடம். விருந்தாள் வந்த நாளில் ஒன்பதாவது குடத்துக்கு அம்மா போய் நின்ற நிற்பு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தண்ணீரை வைத்து ஒரு குடும்பத்தை வழிக்குக் கொண்டுவருவது என்ன என்பது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை.

முதலில் நீங்கள் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். வாடகையை நிறுத்தாதீர்கள். "அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க" என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் யோசனை. என்னிடம் வரும் வழக்குகளில் பாதியைக் கெடுத்தது இந்த யோசனைதான். இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்து, கேட்டு நோட்டீஸ் வந்த பிறகும் கட்டவில்லை என்றால், உங்களை வெளியேற்றச் சட்டப்படியான காரணத்தை நீங்களே அவர் கையில் கொடுத்த மாதிரி. பழைய 6,500-ஐயே ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் வங்கிக் கணக்கு வழியாகவோ ஜிபேயிலோ அனுப்புங்கள். குறிப்பில் "இன்ன மாத வாடகை" என்று எழுதுங்கள். அவர் மகன் நம்பருக்கு அனுப்புவதாக இருந்தால், "அப்பாவுக்கான வாடகை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியும் போடுங்கள். அவர் வாங்க மறுத்தால் அனுப்பிய அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். தொடர்ந்து மறுத்தால் வாடகை அதிகாரியிடமே பணத்தைக் கட்ட வழி இருக்கிறது.

யார் அந்த அதிகாரி? 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரை வாடகை அதிகாரியாக நியமித்திருக்கிறார்கள். கலெக்டர் ஆபீஸில் கேட்டால் எந்த அறை என்று காட்டுவார்கள். தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, கழிவறை இதையெல்லாம் வீட்டுக்காரர் நிறுத்தவோ தடுக்கவோ கூடாது என்று அந்தச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. நிறுத்தினால் நீங்கள் மனுக் கொடுக்கலாம். விசாரணை முடிவதற்கு முன்பே தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. இதைத்தான் நீங்கள் முதலில் கேட்க வேண்டும்.

மனுவோடு என்ன வைப்பது? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எத்தனை குடம் பிடித்தீர்கள், எந்த ராத்திரி கதவைத் தட்டினார், என்ன வார்த்தை சொன்னார், அவர் சொன்னபடியே எழுதுங்கள். பூட்டிய சுவிட்ச் பெட்டியைப் படம் எடுங்கள். காலியான சிண்டெக்ஸைத் திறந்து உள்ளே தெரிகிற மாதிரி ஒரு படம். லாரித் தண்ணீரோ கேனோ வாங்கியிருந்தால் அந்தச் சீட்டு. என் கட்சிக்காரர் ஒருவர் இப்படி 23 நாள் எழுதிய நோட்டைக் கொண்டுவந்தார். பென்சிலில் கோணல்மாணலாக எழுதியிருந்தார். நான் தயார் செய்த ஐந்து பக்க மனுவை ஒதுக்கிவைத்துவிட்டு அதிகாரி அந்த நோட்டைத்தான் புரட்டினார்.

ராத்திரி வருகை பற்றி. வாடகைக்கு விட்ட பிறகு வீட்டுக்காரர் நினைத்த நேரத்தில் உள்ளே வர முடியாது. 24 மணி நேரம் முன்னால், எதற்கு வருகிறார் என்று எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். இதை வாட்ஸ்அப்பில் அவருக்கு மரியாதையாகவே எழுதுங்கள்: "அண்ணே, மாடி பார்க்க வருவதாக இருந்தால் முதல் நாளே மெசேஜ் போடுங்கள், பகலில் வாருங்கள். ராத்திரி பெண்கள் மட்டும் இருக்கிறோம்." அதற்குப் பிறகும் தட்டினால் கதவைத் திறக்காதீர்கள், 100-க்குப் போன் செய்யுங்கள். பெண்கள் உதவிக்கு 181 உண்டு.

போலீஸுக்குப் போகலாமா என்றால், போகலாம். ஆனால் எழுதும் விதம் முக்கியம். "வாடகைத் தகராறு" என்று மனுவை ஆரம்பித்தால் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாடகைப் பேச்சைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இன்ன தேதி, ராத்திரி ஒன்பது மணி, பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக் கதவைத் தட்டினார், பொருட்களைத் தெருவில் எறிவேன் என்று மிரட்டினார், இதுதான் முதல் வரி. மனுவைக் கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் நகராதீர்கள். நாளைக்கே அவர் பூட்டுப் போட்டாலும் நீங்கள் பூட்டை உடைக்காதீர்கள், படம் எடுத்துவிட்டு 100-க்குக் கூப்பிடுங்கள். காலி செய்ய வைக்க வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். கையால் பூட்டுப் போட எந்த வீட்டுக்காரருக்கும் உரிமை கிடையாது.

அட்வான்ஸ் 50,000-க்கு ரசீது இல்லை என்றீர்கள். வாய்ச் சண்டையில் அதைக் கேட்காதீர்கள். "மூன்று வருடம் முன்னால் நான் கொடுத்த 50,000 அட்வான்ஸைக் காலி செய்யும்போது எப்படித் தருவீர்கள்?" என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். "தரேன் பாரு", "ஒத்தப் பைசா கிடையாது", "பெயிண்டுக்குப் பிடிப்பேன்", எது வந்தாலும் சரி. வாங்கவே இல்லை என்று அவர் இனிமேல் எளிதாகச் சொல்ல முடியாது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. உங்கள் கணக்குக்கு அது 19,500தான்.

கரண்டுக்கு, அந்த வீட்டு மின் இணைப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாரியம் எவ்வளவு பில் போடுகிறது என்று பார்க்கலாம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். உங்கள் 12 ரூபாயோடு ஒப்பிட்டுப் பார்த்து அந்தக் கணக்கையும் மனுவோடு வையுங்கள்.

இப்போது கசப்பான ஒன்று. சொல்லாமல் விட்டால் உங்களுக்குத் துரோகம் செய்தவளாவேன். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதே காலி செய்யக் கேட்க இந்தச் சட்டத்தில் ஒரு காரணம். அதனால் இந்தச் சட்டம் உங்களைத் தொந்தரவிலிருந்து காப்பாற்றும், அந்த வீட்டிலேயே காலத்துக்கும் வைத்திருக்காது. மகளின் பரீட்சை முடியும்வரை, ஏப்ரல் கடைசி வரைக்கும் என்று எழுத்தில் ஒரு தேதி கேளுங்கள். அட்வான்ஸை எண்ணி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுப்பதாகச் சொல்லுங்கள். மனு கையில் இருக்கும்போது பேசினால் பேச்சு நடக்கும். அடுத்த வீட்டில் முதல் மாதமே அக்ரிமெண்ட் போட்டு, அரசின் வாடகைப் பதிவுத் தளத்தில் பதிந்து எண் வாங்கிவிடுங்கள்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள்.

கேள்வி: விளாங்குடியில் மூன்றரை லட்சத்தை மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் ஒத்திக்கு இருக்கிறோம். மூன்று வருடக் கெடு முடிந்துவிட்டது. "முதல்ல காலி பண்ணுங்க, அடுத்த பார்ட்டி வந்ததும் பணம்" என்று வீட்டுக்காரர் தினமும் வந்து சத்தம் போடுகிறார். பத்திரம் பதியவில்லை.

பதில்: பணம் கணக்கில் ஏறாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். ஒத்தியில் உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி அந்தச் சாவிதான். பதியாத ஒத்தி அடமானமாக நிற்காது. ஆனாலும் நீங்கள் பணம் கொடுத்ததற்கு அந்தத் தாள் சாட்சி, பத்திரமாக வையுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம்தான் காலக்கெடு. அது ஓடிக்கொண்டே இருக்கிறது. "இவ்வளவு பாக்கி தர வேண்டும்" என்று தேதி போட்டு அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் அன்றிலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும். இன்னொன்று, சார் பதிவாளர் ஆபீஸில் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். வீட்டின் பேரில் வங்கிக் கடன் இருக்கிறதா என்று தெரியாமல் காத்திருப்பது ஆபத்து.

கேள்வி: திருநகரில் காலி செய்தபோது பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். இது சரியா?

பதில்: சரியில்லை. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று மேலே சொன்ன 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலேயே இருக்கிறது. குழாய் வாஷர், தாழ்ப்பாள், சுவிட்ச் மாதிரிச் சில்லறை வேலைகள்தான் உங்கள் பங்கு. நீங்கள் ஆணி அடித்துச் சுவரைப் பெயர்த்திருந்தால் அதற்கு மட்டும் கேட்கலாம். காலி செய்து ஒரு மாதத்துக்குள் மீதியைத் தந்திருக்க வேண்டும். காலி செய்த தேதி, பிடித்த தொகை இரண்டையும் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பெரும்பாலும் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததும் போன் வரும்.