கறுப்பு-வெள்ளைக் கட்டம் போட்டால் லோகோ ஆகிவிடுமா?

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஸ்கா (ஜமைக்காவில் பிறந்த துள்ளல் இசை) இசைக்குழு தொடங்கியிருக்கிறோம். கறுப்பு-வெள்ளைக் கட்டம், தொப்பி வைத்த கோட்டு ஆசாமி, இரண்டையும் வைத்து லோகோ போடலாமா? முதலில் டி-ஷர்ட்டும் பேட்ஜும் அடிக்கப்போகிறோம்.

பதில்: பார்த்ததும் ஸ்கா என்று தெரியும், எந்தக் குழு என்று தெரியாது. அந்த இரண்டும் 1979-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஜெர்ரி டாமர்ஸ் தொடங்கிய 2 டோன் ரெக்கார்ட்ஸ் என்ற ஸ்கா இசைத்தட்டு நிறுவனத்தின் அடையாளம். ‘வால்ட் ஜாப்ஸ்கோ’ என்ற அந்த ஆசாமி, ஜமைக்காவின் வெய்லர்ஸ் குழுவின் ஆல்பம் அட்டையில் அதன் பாடகர் பீட்டர் டோஷ் நின்ற தோரணையை வைத்து வரையப்பட்டவர். நேஷனல் ஃப்ரண்ட் என்ற தீவிர வலதுசாரிக் கட்சி அங்கே இனவெறியைக் கிளப்பிக்கொண்டிருந்த காலத்தில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே மேடையில் வாசித்தார்கள். கட்டத்துக்குப் பொருள் ஏறியது அதனால்தான். வால்டை அப்படியே எடுத்தால் உரிமைச் சிக்கலும் வரும்.

வழிமுறையை மட்டும் எடுங்கள். ‘தி பீட்’ என்ற இன்னொரு ஸ்கா குழுவுக்காகக் கார்ட்டூனிஸ்ட் ஹன்ட் எமர்சன், ஜமைக்கா ஸ்கா பாடகர் பிரின்ஸ் பஸ்டருடன் ஒரு பெண் ஆடும் 1960களின் புகைப்படத்திலிருந்து ‘பீட் கேர்ள்’ உருவத்தை வரைந்தார். அதே குடும்பம், வேறு முகம். உங்கள் டிராம்போன்காரர் வாசிக்கும்போது எப்படி வளைந்து நிற்கிறார்? ஒரு பக்கம் மட்டும் விளக்கு வைத்துப் படம் எடுத்து, ஒரே நிறத்தில் வரையுங்கள். அதை 25 மி.மீ. பேட்ஜ் அளவில் அச்செடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். ஆள் தெரியவில்லை என்றால் கோடுகளைக் குறையுங்கள். பேட்ஜில் ஓரம் மடங்கும் என்பதால் படம் 22 மி.மீ.க்குள் அடங்கட்டும்.

அதிகம் சொதப்புவது கறுப்பு டி-ஷர்ட்டில்தான். வெள்ளைத் தாளுக்கு வரைந்ததை அப்படியே தலைகீழாக்கினால் முகம் ஃபிலிம் நெகட்டிவ் மாதிரி ஆகிவிடும். கறுப்புத் துணிக்குத் தனி வரைபடம் வேண்டும்: வெளிச்சம் விழும் இடம் மட்டும் வெள்ளை மை, நிழலுக்குத் துணியே போதும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மை சற்றுப் பரவும். ஆகவே கோடு 0.5 மி.மீ.க்கும், இடைவெளி 0.7 மி.மீ.க்கும் குறையக் கூடாது.

கட்டம் வேண்டியே தீரும் என்றால் ஓரத்தில் ஒரு பட்டையாக வையுங்கள். மூலைகள் தொடும் புள்ளியில் மை ஒட்டிக்கொள்ளும். அங்கே 0.7 மி.மீ. இடைவெளி விடுங்கள். ஸ்டென்சில் வெட்டுவதானாலும் இது தேவை, இல்லையேல் கட்டங்கள் உதிர்ந்துவிடும்.

அச்சகத்துக்கு எழுத்துருவை அவுட்லைனாக மாற்றிய வெக்டர் (பெரிதாக்கினாலும் மங்காத) பிடிஎஃப் கொடுங்கள். முதலில் ஒரே ஒரு சட்டை அடிக்கச் சொல்லி, ஆறியபின் அச்சை இழுத்துப் பாருங்கள். பிளாஸ்டிசால் (சூட்டில் இறுகும் பிளாஸ்டிக் வகை) மையில் விரிசல் விழுந்தால் சூடு போதவில்லை. ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸ் மை முழுக்க ஏறியிருக்க வேண்டும். அது சரியாகும்வரை மீதிச் சட்டைகளுக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.