மூத்த குழந்தைக்கு முடியவில்லை, இளையதற்கு முடியுமா?

நான் தாய்ப்பால் ஆலோசகர். என் மூத்தவளுக்கே ஆறு வாரத்துக்கு மேல் கொடுக்க முடியாமல் அழுதவள்தான். இரண்டாவது முறை பால் கொடுக்கப் போகிறவர்களின் கேள்விகளை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, முதல் பிரசவத்தில் எனக்குப் பாலே ஊறவில்லை. மூன்றாம் நாளே பவுடர் பால் ஆரம்பித்துவிட்டோம். இப்போதும் அப்படித்தான் ஆகுமா?

ஊறவில்லை என்று எதை வைத்துச் சொன்னார்கள்? அழுத்திப் பார்த்தால் நாலு சொட்டு, குழந்தை விடாமல் அழுகை, இவ்வளவுதானே? முதல் நாட்களில் வருவது சீம்பால். அது சொட்டுக் கணக்கில்தான் வரும். முதல் நாள் குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவே போதும். நஞ்சுக்கொடி வெளியேறிய பிறகு ஹார்மோன் மாறி, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் பால் பெருகும். சிசேரியன் என்றாலோ சர்க்கரை இருந்தாலோ இன்னும் தாமதமாகலாம். அந்த நேரத்தில் புட்டி உள்ளே வந்து, மார்பும் காலியாகாமல் இருந்தால், இவ்வளவு போதும்போல என்று உடம்பு சுரப்பைக் குறைத்துவிடும். உங்கள் கதை அநேகமாக இதுதான். இரண்டாவது முறை முதல் வாரத்திலேயே பால் கூடுதலாக வருவதைப் பலரிடம் பார்க்கிறோம்.

ஆனால் நிஜமாகவே பால் குறைவாக இருப்பவர்களும் உண்டு. தைராய்டு, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி), மார்பில் செய்த அறுவை சிகிச்சை, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, கர்ப்பத்தில் மார்பு கொஞ்சமும் பெருக்காதது, இதில் ஏதாவது இருந்தால் இப்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

காம்பு வெடித்து ரத்தம் வந்துதான் நிறுத்தினேன். நினைத்தாலே பயமாக இருக்கிறது.

குழந்தை வாயை எடுத்ததும் காம்பு எப்படி இருந்தது? புது லிப்ஸ்டிக் முனைபோல ஒரு பக்கம் சாய்ந்து தட்டையாக இருந்ததா? அப்படியென்றால் குழந்தை காம்பை மட்டும் கவ்வியிருக்கிறது. நானும் அதையேதான் செய்தேன்: முதுகை வளைத்து, மார்பைக் கொண்டுபோய் வாயில் திணித்தேன். செய்ய வேண்டியது நேர்மாறாக. நீங்கள் சாய்ந்து உட்காருங்கள். குழந்தையின் வயிறு உங்கள் உடம்போடு ஒட்டட்டும், மூக்கு காம்புக்கு நேராக இருக்கட்டும். கொட்டாவி விடுவதுபோல வாய் அகலத் திறக்கும் வரை காத்திருந்து, சட்டென்று குழந்தையை மார்போடு அணையுங்கள். தாடை மார்பில் பதிந்து, கீழ் உதடு வெளியே மடங்கியிருந்தால் சரி. முதல் சில நொடி சுருக்கென்று இருக்கலாம். அப்புறமும் வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்காதீர்கள். வாயோரத்தில் சுண்டுவிரலை விட்டுப் பிடியைத் தளர்த்தி, மறுபடி ஆரம்பியுங்கள். எத்தனை தடவை திருத்தியும் வலி போகவில்லை என்றால், நாக்குக்கு அடியில் உள்ள சவ்வு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பால் போதுகிறதா என்று எப்படித் தெரியும்? போனமுறை இந்தச் சந்தேகத்திலேயே பாதி நாள் போய்விட்டது.

அழுகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். டயப்பரைப் பாருங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறையாவது நன்றாக நனைய வேண்டும். மலம் கருப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். முதல் நாட்களில் எடை கொஞ்சம் இறங்கும். 10 சதவீதத்தை நெருங்கினால் உடனே காட்டுங்கள். இரண்டு வாரத்தில் பிறந்த எடை திரும்பிவிடும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை கேட்பது இயல்பு. மாலையில் விடாமல் கேட்டால், பால் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

பிரசவத்துக்கு முன்பே கையால் சீம்பால் எடுத்து வைக்கலாமா?

36, 37 வாரத்துக்குப் பிறகு, அதுவும் டாக்டர் சரி என்றால் மட்டும். குறைமாதப் பிரசவ அபாயம் இருப்பவர்கள் தொடவே வேண்டாம். ஒன்றும் வரவில்லை என்றால் கவலைப்படாதீர்கள், பின்னால் வரப்போகும் பாலுக்கு அது அளவுகோல் இல்லை.

போனமுறை தோற்றுப்போனதில் மாதக்கணக்கில் அழுதேன். மறுபடி முயற்சி செய்யவே வேண்டாமோ?

அந்த அழுகையைப் பற்றி டாக்டரிடம் சொன்னீர்களா? பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருந்திருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு, பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகளும் உண்டு. முயற்சி செய்வதென்றால் பாதி தாய்ப்பால், பாதி பவுடர் பால் என்றும் வைத்துக்கொள்ளலாம்; யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை. நான் இளையவனுக்கு இரவில் ஒரு வேளை புட்டிதான் கொடுத்தேன், அவன் அப்பா கையால். அந்த நாலு மணி நேரத் தூக்கம் இல்லையென்றால் மூன்றாம் வாரமே நிறுத்தியிருப்பேன்.