கொசுவலைக்கு விலை வைக்கலாமா? பொருளாதார ஆராய்ச்சி பற்றி வாசகர் கேள்விகள்

வறுமை, பருவநிலை மாற்றம், தொற்றுநோய் என்று உலகத்துக்குத் தலைக்கு மேல் பிரச்சினை இருக்கிறது. பொருளாதாரப் பேராசிரியர்கள் எழுதும் கட்டுரைகளால் இதில் எதையாவது தீர்க்க முடிந்திருக்கிறதா? எல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தானே?

பெரும்பாலான கட்டுரைகள் ஏட்டோடு நின்றுவிடுகின்றன என்பது உண்மைதான். ஆனால் பயன்பட்ட ஆய்வுகளைப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். அவை ‘வறுமையை ஒழிப்பது எப்படி’ என்று கேட்கவே இல்லை. கையளவுக் கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டு, யாரும் மழுப்ப முடியாத பதிலைத் தேடின.

மலேரியா பரவும் நாடுகளில், மருந்து தோய்த்த கொசுவலையை இலவசமாகக் கொடுப்பதா, சிறு தொகை வாங்கிக்கொண்டு கொடுப்பதா என்று வெகுகாலம் வாதம் நடந்தது. ‘சும்மா கிடைத்தால் மதிக்க மாட்டார்கள், காசு கொடுத்தவர்தான் கட்டித் தூங்குவார்’ என்றது ஒரு கட்சி. கேட்கும்போது சரியாகத்தான் படும். ஜெசிக்கா கோஹனும் பாஸ்கலின் டூபாஸும் மேற்குக் கென்யாவில் கர்ப்பிணிகள் வந்துபோகும் மருத்துவ நிலையங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, இடத்துக்கு ஒரு விலை வைத்தார்கள். 2010-இல் முடிவு வெளியானது. விலை பூஜ்யத்திலிருந்து 60 அமெரிக்க சென்ட் ஆனதுமே வலை வாங்குவோர் 60 சதவீதப் புள்ளிகள் (நூற்றுக்கு அறுபது பேர்) குறைந்துபோனார்கள். இலவசமாகப் பெற்றவர்களோ, காசு கொடுத்தவர்களுக்குச் சற்றும் குறையாமல் வலையைப் பயன்படுத்தினார்கள். வாதம் அத்தோடு ஒரேயடியாக முடிந்துவிடவில்லை; ஆனால் ‘சும்மா கொடுத்தால் மதிக்க மாட்டார்கள்’ என்பதைச் சான்று இல்லாமல் சொல்வது கடினமாகிவிட்டது.

தடுப்பூசி விஷயமும் இப்படித்தான். ஏழை நாடுகளுக்கான தடுப்பூசியைத் தயாரிக்க நிறுவனங்கள் தயங்குவது ஏன்? ஆலை கட்டி முடித்த பிறகு, வாங்குபவர் விலையை அடிமாட்டு விலைக்கு இறக்கிவிடுவார் என்ற பயம். மைக்கேல் கிரெமர் உள்ளிட்டோர் முன்வைத்த வழி, ‘தயாரித்தால் இன்ன விலைக்கு வாங்குவோம்’ என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போடுவது. நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசிக்கு 2009-இல் 150 கோடி டாலர் இப்படி ஒதுக்கப்பட்டது. அந்தப் பணம் தொடக்கக் காலத்து விலையை உயர்த்திக் கொடுத்தது. பதிலுக்கு நிறுவனங்கள், பத்து ஆண்டுகளுக்கு ஒரு டோஸ் 3.50 டாலருக்கு மேல் போகாமல் தருவதாக ஒப்புக்கொண்டன. மறுவருடமே ஏழை நாடுகளில் ஊசி போடத் தொடங்கினார்கள்.

நிறுவனங்கள் வெளியிடும் சுற்றுச்சூழல் அறிக்கைகளை நம்பலாமா? தணிக்கை செய்த பிறகும் மாசு குறைவதாகத் தெரியவில்லையே?

தணிக்கையாளருக்கு யார் சம்பளம் தருகிறார் என்று முதலில் பாருங்கள்.

குஜராத்தில் மாசு உண்டாக்கும் ஆலைகள் ஆண்டுதோறும் வெளித் தணிக்கையாளரிடம் சான்று வாங்க வேண்டும் என்று விதி. ஆனால் ஆய்வு நடந்த காலத்தில் அந்தத் தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்ததும் அவருக்குப் பணம் கொடுத்ததும் ஆலை முதலாளியே. எஸ்தர் டுஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகிய நால்வரும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து இதை ஆராய்ந்தார்கள். புகைபோக்கித் துகளுக்கான வரம்பு, ஒரு கன மீட்டருக்கு 150 மில்லிகிராம். தணிக்கை அறிக்கைகளை வரைபடமாகப் போட்டால், அளவுகள் 150-க்குச் சற்றுக் கீழே குவியலாக நின்றன! வரம்பை மீறியவை 7 சதவீத ஆலைகளே என்றன அறிக்கைகள். தனியாகப் போய் அளந்தபோது மீறியவை 59 சதவீதம்.

ஆலைகளில் ஒரு பாதிக்கு மட்டும் நான்கு மாற்றங்கள் செய்யப்பட்டன. எந்த ஆலைக்கு எந்தத் தணிக்கையாளர் என்பது குலுக்கலில் முடிவாகும். கட்டணம் பொது நிதியிலிருந்து, எல்லோருக்கும் ஒரே அளவாகப் போகும். அளந்த இடங்களில் சிலவற்றை வேறொரு குழு மறுபடி அளக்கும். இரண்டாம் ஆண்டில், அளவு எவ்வளவு சரியாக இருந்ததோ அதற்கேற்ப ஊக்கத்தொகை. இதன்பின், வரம்பை மீறிய ஆலைக்குப் பொய்யாகத் ‘தேர்ச்சி’ கொடுப்பது 80 சதவீதம் குறைந்தது. இன்னும் முக்கியமானது, அந்த ஆலைகள் மாசையே குறைத்துக்கொண்டன. புதிய சட்டம் தேவைப்படவில்லை. காசு வரும் வழியும் சரிபார்க்கும் முறையும் மாறின, அவ்வளவுதான்.

தணிக்கை ஒழுங்காக நடந்தாலும், அதை வைத்துப் போடும் மதிப்பெண் வேறு கதை. பெருநிறுவனங்களின் சுற்றுச்சூழல், சமூக, நிர்வாகத் தரத்துக்கு மதிப்பெண் போடும் ஆறு அமைப்புகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில் அவற்றுக்கிடையேயான ஒட்டுறவு (1 என்றால் முழு ஒற்றுமை, 0 என்றால் தொடர்பே இல்லை) சராசரியாக 0.54தான் இருந்தது. வேறுபாட்டில் பாதிக்கும் மேலான பங்கு, ஒரே விஷயத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அளப்பதால் வருவது. ஆகவே மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எத்தனை டன் கரியமில வாயு, எத்தனை தொழிலாளர் விபத்து என்ற மூல எண்களைக் கேளுங்கள்.

பணமே கைமாறாத இடத்தில் பொருளாதாரத்துக்கு என்ன வேலை?

சிறுநீரக மாற்று சிகிச்சையில் இருக்கிறது வேலை. சிறுநீரகத்தை விற்பது ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் குற்றம். கணவருக்குத் தர மனைவி தயார், ஆனால் ரத்த வகை சேரவில்லை. வேறோர் ஊரில் இதேபோல இன்னொரு தம்பதி. இவருடையது அவருக்கும், அவருடையது இவருக்கும் சேரும். மாற்றிக்கொண்டால் இருவர் பிழைப்பார்கள். ஆயிரம் தம்பதிகள் இருந்தால் யாரை யாரோடு சேர்ப்பது? ஆல்வின் ராத், தைஃபுன் சென்மெஸ், உத்கு உன்வர் மூவரும் 2004-இல் இதற்கான கணக்குமுறையை வெளியிட்டு, பிறகு மருத்துவர்களோடு உட்கார்ந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ராத்துக்கு 2012-இல் நோபல் கிடைத்தது.

இதில் கணக்கைவிடச் சிக்கலானது மனித மனம். முதல் தம்பதி கொடுத்து முடித்த பிறகு இரண்டாமவர் பின்வாங்கினால்? கையிலிருந்த சிறுநீரகமும் போச்சு, மாற்றிக்கொள்ள வேறு எதுவும் மிச்சமில்லை. ஒப்பந்தம் போட்டு ஒருவரை அறுவைக்கு வற்புறுத்தவும் முடியாது. அதனால்தான் இரண்டு தம்பதிகளின் பரிமாற்றம் என்றால் நான்கு அறுவையையும் ஒரே நேரத்தில் செய்தார்கள். நான்கு அறுவைக்கூடம், நான்கு குழு. தம்பதிகள் மூன்றானால் ஆறு. எந்த மருத்துவமனைக்கும் மூச்சு முட்டும். பிரதிபலன் பாராமல் ஒருவர் தாமாகவே தானம் தந்து சங்கிலியைத் தொடங்கிவைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு தம்பதியும் முதலில் பெற்று, பிறகுதான் கொடுக்கிறது. நடுவில் யாராவது விலகினாலும் சங்கிலி அறுமே தவிர, யாரும் இருந்ததை இழக்க மாட்டார்கள். ஆகவே அறுவைகளை வாரக் கணக்கில் தள்ளிவைத்துச் செய்யலாம்.

எங்கள் தொண்டு நிறுவனம் கிராமப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சி தருகிறது. பயன் இருக்கிறதா என்று நாங்களே ஆராய விரும்புகிறோம். பயிற்சி தந்த ஒரு கிராமத்தையும் தராத ஒரு கிராமத்தையும் ஒப்பிட்டால் போதுமா?

போதாது. ஒரு கிராமத்துக்குப் பக்கத்தில் புதிதாகச் சாலை வந்திருக்கலாம், மற்றொன்றில் கிணறு வற்றியிருக்கலாம். இரண்டே கிராமம் என்றால், வித்தியாசம் பயிற்சியாலா சாலையாலா என்று பிரிக்க வழியே கிடையாது. ஒவ்வொன்றிலும் ஆயிரம் பேரை விசாரித்தாலும் இதே கதைதான்.

எத்தனை கிராமம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வருமானம் ஆளுக்கு ஆள் எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்பதற்கு ஒரு அளவு உண்டு, திட்ட விலக்கம். பயிற்சியால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.2 உயர்வு வரும் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வாளர்கள் பயன்படுத்தும் தோராய விதிப்படி 16-ஐ 0.2-இன் வர்க்கத்தால் வகுத்தால் 400. பயிற்சி பெறும் தரப்பில் 400 பேர், பெறாத தரப்பில் 400 பேர். இப்படி ஒரு விளைவு உண்மையிலேயே இருந்தால், பத்துக்கு எட்டு முறை அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் இந்தக் கணக்கு ஆட்களைத் தனித்தனியே குலுக்கினால்தான் பொருந்தும். நீங்கள் கிராமம் கிராமமாகக் குலுக்குவீர்கள். ஒரே ஊர்க்காரர்கள் பல விதத்தில் ஒத்திருப்பார்கள்; அந்த ஒற்றுமையின் அளவு 0.05 என்றும், ஊருக்கு 20 வீடு என்றும் வைத்தால், தேவையான எண்ணிக்கை 1 + 19 × 0.05 = 1.95 மடங்காகும் (19 என்பது 20-இல் ஒன்று குறைவு). நானூறு, 780 ஆகிவிடும். தரப்புக்கு 39 கிராமம், மொத்தம் 78. ‘ஊருக்கு 50 வீடாக விசாரித்துக் கிராமங்களைக் குறைத்துவிடலாமே’ என்று தோன்றும். போட்டுப் பாருங்கள்: தரப்புக்கு 1,380 வீடு, 28 கிராமம். வேலை முக்கால் பங்கு கூடியும் பதினோரு கிராமம்தான் மிச்சம். வீடுகளைக் கூட்டுவதைவிட ஊர்களைக் கூட்டுவதே லாபம்.

இன்னொரு பள்ளம் இருக்கிறது, பலரும் விழுவது. அழைத்த பெண்களில் பாதிப்பேர்தான் பயிற்சிக்கு வந்தார்கள் என்றால், சராசரி விளைவும் பாதியாகிவிடும், 0.2 அல்ல, 0.1. அதைக் கண்டுபிடிக்கத் தேவையான எண்ணிக்கை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. 78 கிராமம் 312 ஆகிவிடும்! உங்களால் முடியாது என்றால் ஆய்வைத் தொடங்காமல் இருப்பதே மேல். வருகையை முதலில் சரிசெய்யுங்கள்.

கிராமங்கள் கிடைத்துவிட்டால்: பயிற்சிக்கு முன்பே எல்லா வீட்டிலும் விசாரணை எடுத்து, அதன்பிறகு குலுக்குங்கள். எந்த ஓர் எண்ணை வைத்து வெற்றியைத் தீர்மானிப்பீர்கள் என்று முன்னதாகவே எழுதிவையுங்கள். இருபது விஷயங்களை அளந்து, எது கூடியிருக்கிறது என்று பிறகு தேடினால், பயிற்சி வெறும் சூன்யமாக இருந்தாலும் ஒன்றாவது ‘குறிப்பிடத்தக்கதாக’ (தற்செயலாக வர ஐந்து சதவீத வாய்ப்புக்கும் குறைவு என்று பொருள்) வந்து நிற்க 64 சதவீத வாய்ப்பு உண்டு. விசாரிக்கப் போகிறவர் உங்கள் பயிற்றுநராக இருக்கக் கூடாது. சொல்லிக்கொடுத்தவர் முகத்துக்கு நேரே ‘ஒன்றும் பிரயோஜனமில்லை’ என்று யார் சொல்வார்கள்? வெளியூர் போய்விட்டவர்களையும் தேடிப் பிடியுங்கள். வேலை கிடைத்துப் போனவர்கள்தான் பெரும்பாலும் கணக்கிலிருந்து நழுவுவார்கள். அவர்களை விட்டால் உங்கள் பயிற்சிக்கு நீங்களே குழி பறித்த மாதிரி.

பயிற்சி தராத கிராமங்களுக்கு அநியாயம் அல்லவா என்று கேட்பீர்கள். மெக்சிகோ அரசு 1997-இல் ‘ப்ரோகிரெசா’ உதவித்தொகையைத் தொடங்கியபோது 506 கிராமங்களை ஆய்வுக்கு எடுத்தது. 320 கிராமங்களுக்கு முதலில், 186 கிராமங்களுக்குப் பிறகு. எல்லோருக்கும் ஒரே நாளில் தர எப்படியும் ஆள்பலம் இருக்காது. யாருக்கு முதலில் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யட்டும்.

கரியமில வாயுவுக்கு வரி நல்லதா, உரிமச் சந்தை நல்லதா?

உரிமச் சந்தை என்றால், வெளியிடலாம் என்ற வாயுவுக்கு அரசு மொத்த அளவு வைத்து உரிமங்கள் தரும்; ஆலைகள் அவற்றை வாங்கி விற்கும். வரி என்றால் விலை தெரியும், எவ்வளவு குறையும் என்பது தெரியாது. சந்தை என்றால் அளவு தெரியும், விலை ஆடும். ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் சந்தையைத் தொடங்கியபோது ஆலைகளுக்குத் தேவைக்கு மேல் உரிமங்களைக் கொடுத்துவிட்டது. 2006 ஏப்ரலில் உண்மைக் கணக்கு வெளிவந்ததும் விலை சரிந்தது. முதல் கட்டத்து உரிமத்தை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச்செல்ல முடியாது என்று விதி வேறு. 2007 முடிவில் அது செல்லாக்காசு. மிகையான உரிமங்களை உறிஞ்சி எடுக்கும் ஏற்பாடு 2019-இல்தான் வந்தது. வரிக்கும் வேறு ஆபத்து உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2008-இல் கொண்டுவந்து, ஆய்வாளர்கள் உதாரணம் காட்டிய வரி, நுகர்வோர் அளவில் 2025-இல் நீக்கப்பட்டது. எங்கள் பார்வையில், இரண்டில் எது என்பதைவிட, வசூலான பணம் மக்கள் கண்ணுக்குத் தெரியும்படி திரும்பி வருகிறதா என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது.

சிறிய அளவில் வெற்றி பெற்ற திட்டங்கள், அரசு எடுத்து நடத்தினால் தோற்பது ஏன்?

திட்டம் அதேதான், நடத்துகிற கை வேறு. கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர்களை நியமித்துப் பார்த்தார்கள். தொண்டு நிறுவனம் நடத்திய பள்ளிகளில் பிள்ளைகளின் மதிப்பெண் கூடியது. அதே திட்டத்தை அரசு நடத்திய பள்ளிகளில் ஒரு மாற்றமும் இல்லை. சம்பளம் தாமதம், ஆசிரியர் சங்கத்தின் எதிர்ப்பு என்று சிறு ஆய்வில் தலைகாட்டாத காரணங்கள் இங்கே வந்தன. வங்கதேசத்தில் பஞ்சக் காலத்தில் வெளியூர் வேலைக்குப் போக 8.50 டாலர் கொடுத்தபோது போனவர்கள் 22 சதவீதப் புள்ளிகள் கூடினார்கள். திட்டத்தைப் பெரிதாக்கியபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. நடத்திய அமைப்பே 2019-இல் அதை நிறுத்தியது. முடிவை மூடி மறைக்காமல் வெளியிட்டதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும். ஆகவே முதல் ஆய்விலேயே, நாளைக்கு யார் நடத்தப் போகிறாரோ அவர் கையில் சில ஊர்களைக் கொடுத்துப் பாருங்கள்.

நான் வணிக நிர்வாகம் படிக்கும் மாணவி. லாபம் தவிர வேறு எதற்காவது பயன்படும் ஆய்வுத் தலைப்பு சொல்லுங்கள்.

லாபத்தை ஏன் தள்ளிவைக்கிறீர்கள்? நிக்கோலஸ் புளூம் குழு மும்பையை ஒட்டிய 17 ஜவுளி நிறுவனங்களில் செய்த ஆய்வைப் படியுங்கள். துணியில் விழும் குறையை நாள்தோறும் பதிவது, நூல் இருப்பை எண்ணிவைப்பது, தறியைக் கெடும் முன்பே பராமரிப்பது போன்ற 38 பழக்கங்களைச் சொல்லிக்கொடுத்ததில் முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. வீணாகும் துணி குறைவது முதலாளிக்கும் லாபம், பூமிக்கும் லாபம். நீங்களும் ஒரு தொழிற்கூடத்தில் வீணாகும் பொருள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் எடை போட்டுப் பதிந்த பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் 2013 முதல் நடத்தும் இணையப் பதிவேட்டில், குலுக்கல் முறை ஆய்வுகளின் திட்டத்தை முன்கூட்டியே கட்டணமின்றிப் பதியலாம். குலுக்கல் இருந்தால் அங்கே பதிந்துவிட்டுத் தொடங்குங்கள். வழிகாட்டிப் பேராசிரியர் வேறு முடிவை எதிர்பார்த்தாலும், வந்த முடிவை எழுத உங்களுக்குத் துணை இருக்கும்.