இம்ப்ளான்ட் பல்லைச் சுற்றி ரத்தம் கசிந்தால்...

இம்ப்ளான்ட் வைத்து மூன்று வருடம் ஆகிறது. சில வாரங்களாக பிரஷ் பண்ணும்போது அந்த இடத்தில் மட்டும் ரத்தம் கசிகிறது. வலி துளியும் இல்லை. அப்படியே விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள். வலி இல்லையே என்று நீங்கள் தைரியமாக இருப்பதுதான் எனக்குக் கவலை. இம்ப்ளான்ட்டைச் சுற்றி வரும் தொற்று பெரும்பாலும் வலிக்காமல்தான் உள்ளே இறங்கும்.

சொந்தப் பல்லில், ஈறின் நார்கள் வேருக்குள் குத்தி ஊன்றி நிற்கும். இம்ப்ளான்ட் என்பது எலும்புக்குள் பொருத்தும் டைட்டானியம் திருகு; அதில் எந்த நாரும் அப்படி ஊன்றாது. சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றி நிற்கிற மாதிரி ஈறு அதை அணைத்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு சவ்வு உண்டு. அதுவும் இங்கே கிடையாது. அதன் வழியாக வரும் ரத்த ஓட்டமும் இல்லை. கிருமிக்கு எதிரான வேலி இங்கே பலவீனம்.

இந்தப் பிரச்சினையில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் ஈறு மட்டும் சிவந்து வீங்கியிருக்கும், எலும்பு பத்திரமாக இருக்கும். படிந்த அழுக்கை நன்றாக எடுத்துவிட்டு, வீட்டிலும் சுத்தம் காத்தால் இது ஆறிவிடும். இரண்டாவது கட்டத்தில் எலும்பே கரைய ஆரம்பித்திருக்கும். நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று கண்ணாடியில் பார்த்துச் சொல்ல முடியாது. மருத்துவர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறின் ஓரத்தில் மெதுவாக இறக்கி ஆழம் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும்.

இம்ப்ளான்ட்டின் மேல் கிரவுன் (பல் வடிவ உறை) மாட்டிய சமயத்தில் எடுத்த எக்ஸ்ரே இருந்தால் மறக்காமல் கொண்டுபோங்கள். முதல் வருடத்தில் எலும்பு லேசாக இறங்குவது இயல்பு. அதற்கப்புறமும் இறங்கிக்கொண்டே போகிறதா என்பதுதான் கேள்வி. பழைய படம் இல்லாமல் அதைச் சொல்வது கஷ்டம். அப்படிப்பட்ட நேரத்துக்கென்றே ஈறு, இம்ப்ளான்ட் நோய்களை வகைப்படுத்த 2017-ல் நடந்த சர்வதேசக் கூட்டத்தில் ஓர் அளவு வகுத்திருக்கிறார்கள்: ரத்தக் கசிவோ சீழோ இருந்து, ஆழம் 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் போய், எலும்பும் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கியிருந்தால் இரண்டாவது கட்டம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ரத்தம் வருகிறதே என்று அந்தப் பக்கம் பிரஷ் போடுவதையே நிறுத்திவிட்டேன். சரிதானே?

நேர் எதிர். அழுக்கு படிந்ததால்தான் ரத்தம் வருகிறது. பிரஷை நிறுத்தினால் இன்னும் படியும். மென்மையான பிரஷை ஈறும் கிரவுனும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்துத் தேயுங்கள். பல்லிடுக்குக்கென்று குட்டி பிரஷ் கிடைக்கிறது. அதன் நடுக்கம்பிக்கு பிளாஸ்டிக் உறை போட்டதாக வாங்குங்கள், வெறும் கம்பி இம்ப்ளான்ட்டைக் கீறும். உங்கள் இடுக்குக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை மருத்துவரே போட்டுக் காட்டட்டும்.

ஃப்ளாஸ் நூல் உபயோகிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஈறு இறங்கி இம்ப்ளான்ட்டின் சொரசொரப்பான பகுதி தெரிந்தால், அங்கே நூல் பிரிந்து இழை சிக்கிக்கொள்ளும். அந்த இழையே வீக்கத்துக்குக் காரணமாகலாம். அப்படிப்பட்ட இடத்துக்குக் குட்டி பிரஷ்தான் நல்லது.

கிரவுன் ஒட்டிய சில மாதங்களிலேயே ஈறு வீங்கியது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் அடங்குகிறது, அப்புறம் திரும்ப வருகிறது. இது மூன்றாவது தடவை. இன்னொரு கோர்ஸ் எடுக்கட்டுமா?

வேண்டாம். மூன்று தடவை திரும்பி வந்திருக்கிறது என்றால் காரணம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நான் முதலில் சந்தேகப்படுவது சிமென்ட்டைத்தான். கிரவுனை ஒட்டும்போது பிதுங்கும் சிமென்ட்டில் கடுகளவு ஈறுக்கடியில் தங்கினாலும் போதும், கிருமிகள் அதைப் பிடித்துக்கொண்டு குடியேறிவிடும். எல்லா சிமென்ட்டும் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை என்பதால் இது பல நேரம் கண்ணில் படாமல் போகிறது. ஈறை விலக்கி அந்தத் துணுக்கை எடுத்த பிறகு, மாதக்கணக்கில் அடங்காத வீக்கம் சில வாரங்களில் வடிந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

கிருமிகள் தனித்தனியாக இல்லாமல் பிசுபிசுப்பான படலமாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. மாத்திரை அந்தப் படலத்துக்குள் சரியாக ஊடுருவாது. அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஆனால் ஒன்று: முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுங்கவோ வாய் திறக்கவோ சிரமமாக இருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மூச்சு விடச் சிரமம் என்றால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள்.

எனக்கு சர்க்கரை நோய் உண்டு, சிகரெட்டும் பிடிப்பேன். இம்ப்ளான்ட் நிலைக்குமா?

நிலைக்கலாம், ஆனால் இரண்டுமே ஆபத்தைக் கூட்டுபவை. சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், சிகரெட்டை விட வேண்டும். ஏற்கனவே ஈறு நோயால் பல் இழந்தவர் என்றால் இன்னும் கவனம் தேவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

இம்ப்ளான்ட் லேசாக ஆடுகிறது. முடிந்துபோனதா?

அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள். பல நேரம் ஆடுவது மேலே இருக்கும் கிரவுன் அல்லது அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ, முறுக்கிவிட்டால் சரியாகிவிடும். எலும்புக்குள் இருக்கும் இம்ப்ளான்ட்டே ஆடினால் மட்டும் அதை எடுத்துத்தான் ஆக வேண்டும். எதுவானாலும் அந்தப் பக்கம் கடிக்காமல் சீக்கிரம் காட்டுங்கள்.

எலும்பு கரைந்துவிட்டது, ஆபரேஷன் வேண்டும் என்கிறார்கள். கரைந்த எலும்பு திரும்ப வளருமா?

முழுசாக வளரும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். முதலில் ஆபரேஷன் இல்லாமல் சுத்தம் செய்து, சில வாரங்கள் கழித்து மறுபடி ஆழம் பார்ப்பார்கள். ரத்தமும் சீழும் நிற்கவில்லை என்றால்தான் ஈறைத் திறந்து இம்ப்ளான்ட்டின் மேற்பரப்பைத் துப்புரவாக்குவார்கள். எலும்பு கிண்ணம் மாதிரி குழிந்திருந்தால், அதில் எலும்புத் துகளை நிரப்ப வாய்ப்பு உண்டு. சுவர் எல்லாம் இடிந்து தட்டையாகிவிட்டால் நிரப்பியது தங்காது. உங்கள் எக்ஸ்ரேயைக் காட்டி, “எனக்கு எந்த மாதிரி குழி?” என்று கேளுங்கள். சிகிச்சைக்குப் பிறகு ஈறு கொஞ்சம் கீழிறங்கி உலோகம் வெளியே தெரியலாம். முன்பல் என்றால் இதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

எடுத்துவிட வேண்டிய நிலை வந்தாலும், புண் ஆறி எலும்பு தேறிய பிறகு பலருக்கு அதே இடத்தில் மறுபடி வைக்க முடிகிறது.