துப்பாக்கியின் மேல் பொருத்தும் குறிதொலைநோக்கியான ஸ்கோப்பில் '3-9×40' என்று இருந்தால் என்ன பொருள்? எல்க் மான் வேட்டைக்கு அது போதுமா?

3-9 என்பது 3 முதல் 9 மடங்கு வரை மாற்றக்கூடிய உருப்பெருக்கம், 40 என்பது முன் லென்ஸின் விட்டம் (மி.மீ.). அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் எல்க் மான்கள் பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும்தான் வெளியே மேயவரும். அதனால் வெளிச்சம்தான் முக்கியம். 40-ஐ உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 9 மடங்கில் சுமார் 4.4 மி.மீ., 6 மடங்கில் 6.7. மங்கலில் நம் கண்மணி 5 முதல் 7 வரை விரியும். குடத்தின் வாயைவிட அகலமாகத் தண்ணீர் விழுந்தால் மிச்சம் வெளியே போவதுபோல, அதற்குமேல் வரும் ஒளி வீண். ஆகவே அந்தியில் 6-க்குக் குறைத்தாலே படம் பளிச்சென்று தெரியும். 40 தாராளமாகப் போதும்.

அப்புறம், கண்ணை 9 செ.மீ. தள்ளி வைத்தாலும் முழுப் படம் தெரிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். இல்லாவிட்டால் சுடும்போது துப்பாக்கியின் பின்னுதைப்பில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும்.

மடங்கு கூடினால் குறி தப்பாது என்பது தவறு. கைநடுக்கமும் பெரிதாகத் தெரியும், பார்வைப் பரப்பும் சுருங்கும்.